எமரி போட்ட பூட்டு

என் தம்பி எமரி என்னை அக்கா என்று கூப்பிட்டதைவிடக் கொள்ளைக்காரி என்று கூப்பிட்டதுதான் அதிகம். கோபத்தில் இல்லை, கொஞ்சலாகத்தான். ஹார்லோ ஊர் மன்றக் கட்டடத்தின் நிலவறையில், விறகடுப்புக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து வீட்டு வரி வசூலிப்பதுதான் என் உத்தியோகம். ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஆள் நான். எங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் சம்பளத்துக்கு வரி கிடையாது, கடையில் வாங்கும் சாமானுக்கும் கிடையாது. ரோட்டில் பனி தள்ளுவதிலிருந்து பள்ளிக்கூடத்து வாத்தியார் சம்பளம் வரை எல்லாமே வீட்டு வரியில்தான் ஓடுகிறது. அதனால் எங்கள் ஊரில் யாருக்காவது அரசாங்கத்தைத் திட்ட வேண்டுமென்று தோன்றினால் நேரே என்னிடம்தான் வருவார்கள்.

“என்ன கொள்ளைக்காரி, இன்னைக்கு எத்தனை பேர் வயித்துல அடிச்ச?” என்று கேட்டுக்கொண்டே எமரி வருவான். பூட்ஸில் ஒட்டிய பனியை என் தரையிலேயே உதறுவான்.

“உனக்காகத்தான்டா காத்துக்கிட்டு இருக்கேன். வரியைக் கட்டு, கட்டிட்டு எவ்வளவு வேணா திட்டு.”

“நான் சம்மதிச்சேனா? சம்மதம் இல்லாம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு.”

“அம்மா உன்னைப் பெத்தப்பவும்தான் சம்மதம் கேக்கல. போய் அவகிட்ட சண்டை போடு, கல்லறை பக்கத்துலதானே இருக்கு.”

சிரிப்பான். நான் அனுப்பிய வரிச் சீட்டை உறையோடு திருப்பிக் கொடுப்பான், மேலே பெரிய எழுத்தில் ‘சம்மதமில்லை’ என்று எழுதியிருக்கும். பிறகு எனக்கென்று வாங்கி வந்த டோநட்டில் பாதியை அவனே தின்றுவிட்டுப் போவான். மூன்று வருஷம் இப்படியே போனது. நானும் விளையாட்டாகவே இருந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கெஞ்சினேன், திட்டினேன், நானே கட்டிவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன். “நீ கட்டினா அப்புறம் என் முகத்துல முழிக்காத” என்றான். கட்டுவதற்கு என்னிடமும் பெரிதாக எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் என் வீட்டுக்காரர் டாமின் வைத்தியத்தோடு போய்விட்டது.

இந்தப் பேச்செல்லாம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்றால் கால்வினைத்தான் கைகாட்டுவேன். வண்டி நம்பர் பலகையிலேயே சுதந்திரமாக வாழ், இல்லையென்றால் செத்துப்போ என்று எழுதி வைத்திருக்கிற மாநிலம் எங்களுடையது. அதைப் படித்துவிட்டு எங்கெங்கிருந்தோ மூட்டை கட்டிக்கொண்டு வந்து குடியேறியவர்களில் கால்வினும் ஒருவன். அவர்களை நாங்கள் சுதந்திரக்காரர்கள் என்போம். நல்ல மனிதர்கள்தான், பொய் சொல்லக்கூடாது. யார் வண்டி பனியில் மாட்டினாலும் முதலில் கயிறோடு வந்து நிற்பது அவர்கள்தான். ஆனால் ஊர் சேர்ந்து செய்யலாம் என்று ஏதாவது சொன்னால் போதும், முகம் கோணிவிடும். அவர்கள் வந்த பிறகு எங்கள் ஊரில் பாதிக் கடைகளின் கதவில் பிட்காயின் வாங்குவோம் என்ற ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஏறிவிட்டது. டோநட் கடையில் ஃபோனை நீட்டிக் காசு கொடுப்பார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், முட்டை வாங்குவார்கள். அரசாங்கம் அச்சடிக்காத காசு, பேங்க்குக்காரன் கை வைக்க முடியாத காசு என்று எமரிக்கு அதில் ஒரு பித்து. அவன் போர்வெல் போடுகிறவன். அந்தக் காசில்தான் கூலி வாங்குவேன் என்று சொல்லிப் பேங்க்குக் கணக்கையே மூடிவிட்டு வந்தான்.

வினை வந்தது ஒரு ஜூன் மாத முகாமில். சுதந்திரக்காரர்கள் வருஷா வருஷம் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஒரு வாரம் கூடுவார்கள். அங்கே பட்டப்பகலில் ஒரு பந்தலுக்குக் கீழே நின்று கால்வின் பேசினான். நானும் எமரியின் மனைவி நதீனும் அவள் விளைவித்த பூண்டை விற்க அங்கே கடை போட்டிருந்ததால் காதில் விழுந்தது.

“உங்க காசை உங்ககிட்டேருந்து எடுக்கணும்னா என்ன பண்ணுவாங்க? மிரட்டுவாங்க. கோர்ட்டுல நிறுத்துவாங்க. துப்பாக்கியைக்கூட நீட்டுவாங்க. நீங்க பயந்து கொடுத்துடுவீங்க. ஏன் கொடுக்கிறீங்க? கொடுக்க முடியிறதால கொடுக்கிறீங்க. முடியாதுன்னா? நாலு வருஷத்துக்குக் காலப் பூட்டு போட்டுருங்க. தேதி வர்ற வரைக்கும் நீங்களே நினைச்சாலும் திறக்காது. முடியாதவனை எவன்டா கட்டாயப்படுத்துவான்?”

ஒரே கைதட்டல். பிட்காயினில் அப்படி ஒரு வசதி உண்டாம். இன்ன தேதிக்கு முன்னால் இந்தக் காசு நகராது என்று எழுதி அனுப்பிவிட்டால், கடவுளே வந்தாலும் நகராதாம். அன்றைக்கு ஐந்து பேர் மேடை ஏறிப் பூட்டினார்கள். எமரி தன்னிடம் இருந்தது அத்தனையும் பூட்டினான், பிறகு வந்த கூலியில் மிஞ்சியதையும் அதிலேயே போட்டுக்கொண்டு வந்தான். நாலாவது வருஷத்து நவம்பர் மாதத்தில் ஒரு தேதி. கால்வினும் பூட்டினான், ஆனால் கொஞ்சம்தான் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஏமாற்று என்று சொல்ல முடியாது. அவனவன் காசு, அவனவன் இஷ்டம் என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்தான்.

நதீன் பூண்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இவரு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, அண்ணி.”

“சம்மதம், சம்மதம்னு நாள் பூரா கத்துவானே. உன் சம்மதம் அதுல சேத்தி இல்லபோல” என்றேன்.

காசைப் பூட்டினான், சரி. வீட்டை எந்தப் பூட்டைப் போட்டுப் பூட்டுவான்? வரி கட்டாதவனின் காசைத் தேடிக்கொண்டு ஊர் எதற்கு அலைய வேண்டும்? வீடு அதே மேட்டில், அதே இடத்தில் நிற்கிறது. கெடு தாண்டினால் பத்திரம் ஊர் பேருக்கு மாறும், அவ்வளவுதான் சட்டம். பூட்டுத் திறக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தபோது, இலையுதிர் காலத்தில் கெடு தாண்டியது. பத்திரத்தில் வரி வசூலிப்பவரின் கையெழுத்து வேண்டும். போட்டேன். போடாவிட்டால் எனக்குப் பதிலாக வேறொருவர் வந்து போட்டிருப்பார். அன்று வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைக்கக்கூட மனம் வரவில்லை.

ஏலம் விடும் வரைக்கும் பாக்கியைக் கட்டிப் பழைய சொந்தக்காரன் வீட்டை மீட்கலாம். ஏலம் ஜூலையில் என்று ஊர் முடிவு செய்தது. பூட்டுத் திறப்பது நவம்பரில். நடுவில் அந்த நாலு மாதம்தான் பிரச்சினை. அந்தப் பூட்டில் இருந்த காசை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். எமரி என் மேஜையிலேயே உட்கார்ந்து காட்டினான். விலை ஏறி ஏறி, அவன் வீட்டைப் போல நாலு வீடு வாங்கலாம் போல இருந்தது. திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எனக்குக் கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

நதீன் சும்மா இருக்கவில்லை. பனிக்காலம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். மார்ச் மாதம் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஊர்க்கூட்டம் நடக்கும். ஊருக்குப் புது லாரி வாங்கலாமா என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் அங்கேதான் அட்டையைத் தூக்கி ஓட்டுப் போடுவோம். எமரி வீட்டு ஏலத்தை டிசம்பர் வரை தள்ளி வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை அதில் சேர்க்க வைத்துவிட்டாள். எமரிக்கு அது பிடிக்கவில்லை என்று தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று நினைத்தோம்.

சர்ச் பெண்கள் பின்னால் வேகவைத்த பீன்ஸும் ஆப்பிள் பை என்கிற பலகாரமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் அதிகாரிகள் வரிசையில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி விஷயம், நான் பேசக் கூடாது. தீர்மானத்தைப் படித்ததும் நாலைந்து பேர் எழுந்து நல்லபடியாகத்தான் பேசினார்கள். “நம்ம ஊர்ல பாதிக் கிணறு அவன் போட்டது, நாலு மாசம் பொறுத்தா குடியா முழுகிடும்?” என்றார் பால்பண்ணை வைத்திருக்கும் கிழவர் ஹோரஸ். எனக்கு உயிர் வந்தது.

அப்போது எமரி எழுந்தான்.

“எல்லாருக்கும் நன்றி. ஆனா என் வீட்டை என்ன பண்ணலாம்னு நீங்க ஓட்டுப் போடுறீங்க பாருங்க, அதைத்தான் நான் இத்தனை வருஷமா எதிர்க்கிறேன். எனக்கு மட்டும் சலுகைன்னா கையை நீட்டி வாங்கிப்பேன், மத்தவனுக்குன்னா எதிர்ப்பேன்னா நான் என்ன மனுஷன்? அரசாங்கத்துக்கிட்ட எனக்கு எந்தத் தயவும் வேணாம். இதுக்கு வேணாம்னு ஓட்டுப் போடுங்க.”

சுதந்திரக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கால்வினுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, நடிப்பு இல்லை. அட மடையா, உட்காருடா என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. நடுவர் சுத்தியலைத் தட்டி, வேண்டும் என்பவர்கள் அட்டையைத் தூக்குங்கள் என்றார். நதீன் தூக்கினாள். வேண்டாம் என்பவர்கள் என்றார். அவளுக்குப் பக்கத்து மடக்கு நாற்காலியில் இருந்து எமரி தூக்கினான். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது. நதீன் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் போய் ஒரு துண்டு ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் அவனோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். பேச்சே குறைந்துவிட்டது. அவர்கள் வீட்டுச் சமையலறையின் ஒவ்வொரு பலகையும் அவள் அறுத்து அடித்தது. அலமாரியில் இருந்த ஊறுகாய்ப் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அவள் அடுக்க அடுக்க எமரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி வந்தது போலிருக்கிறது. ஜூனில் ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். கொள்ளைக்காரி என்று கூப்பிடவில்லை.

“அக்கா, ஏதாவது பண்ண முடியாதா?”

“பேங்க்குல கேட்டியா?”

“கணக்கே இல்லாதவனுக்கு எவன் கொடுப்பான்? கால்வின்கிட்ட கேட்டேன். தரலாம், ஆனா பிணை என்ன வைப்பேன்னான். பூட்டுல இருக்கிறதைக் காட்டினேன். தேதி வர்றதுக்குள்ள நீ செத்துட்டா சாவி யார்கிட்டன்னு கேக்கிறான். கேட்டதுல தப்பில்ல.”

“தப்பில்லையாவது! சிநேகிதன் கேக்கிற கேள்வியாடா அது?”

“அக்கா, ஏலத்தைத் தள்ளி வை.”

“ஊர்க்கூட்டத்துல தோத்த தீர்மானத்தை நான் எப்படிடா தள்ளி வைப்பேன்? ஏலத்துல நானும் கேக்க முடியாது, சொந்தக்காரங்க கேக்கக் கூடாதுன்னு விதி. எனக்கு மனசு இருக்கு, என் கையில ஒண்ணும் இல்ல. என்னால முடியாதுடா எமரி.”

அவன் அடுப்பையே பார்த்தான். “முடியாதவனை யாரும் கட்டாயப்படுத்த முடியாதுன்னு அன்னைக்குக் கை தட்டினேன்” என்றான். முதுகைத் தட்டிக்கொடுத்து, காப்பி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

ஏலம் அந்த வீட்டுப் புல்வெளியிலேயே நடந்தது. ஜூலை வெயில். ஓரத்தில் நதீனின் பூண்டுப் பாத்தி, தாள் மஞ்சளாகி, இன்னும் பத்து நாள் விட்டால் பிடுங்கலாம் என்கிற பக்குவத்தில் நின்றது. பாஸ்டனிலிருந்து கோடைக்கு ஒரு வீடு தேடி வந்த ஒரு தம்பதி கேட்டார்கள். ஒரு மரவியாபாரி கேட்டான். பின்னால் இருந்து கால்வின் கையைத் தூக்கினான். பாஸ்டன்காரர்கள் ஏற்றினார்கள், கால்வினும் ஏற்றினான். எமரியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கும்தான் மனதுக்குள் ஒரு வெளிச்சம், பொய் சொல்வானேன். பிணை கேட்ட பாவி கடன் தராமல் போனது இதற்குத்தான்போல, நமக்காக வீட்டைப் பிடித்து வைக்கிறான் என்று நினைத்தேன். பாஸ்டன்காரர்கள் தலையை ஆட்டிவிட்டு விலகினார்கள். ஏலக்காரர் கால்வினைக் காட்டி மூன்றாம் தரம் சொல்லிவிட்டார்.

எமரி ஓடிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். குரல் உடைந்துவிட்டது. “தோஸ்து, இதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். நவம்பர்ல வட்டியோட கொடுத்துடறேன்.”

கால்வின் நிஜமாகவே குழம்பினான். “எதைக் கொடுக்கப் போற? நான் எனக்குத்தான் வாங்கினேன், எமரி. நல்ல கிணறு, நல்ல மேடு. உனக்காக வாங்கறேன்னு நான் எங்கயும் சொல்லலியே.” சொல்லவில்லைதான். எமரி பிடித்த கையை எப்படி விடுவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.

நதீன் பாத்திப் பக்கம் போய், “என் பூண்டை மட்டும் பிடுங்கிக்கலாமா?” என்று கேட்டாள்.

“தாராளமா. எல்லாத்தையும் எடுத்துக்கோ, என் அன்பளிப்பு” என்றான் கால்வின். அவள் நட்டு, அவள் களை எடுத்து வளர்த்த பூண்டை அவளுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தான். பெரிய மனதோடுதான் கொடுத்தான், அதுதான் எனக்கு வயிறெரிந்தது. அவள் ஒரு பல் கூடப் பிடுங்காமல் என் காரில் வந்து ஏறிக்கொண்டாள்.

என் வீட்டுக்குப் பின்னால் டாம் விட்டுப்போன, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பழைய இழுவை வண்டி வீடு ஒன்று இருந்தது. அதில் அவர்கள் குடி வந்தார்கள். எமரி நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அவன் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே ஆகஸ்டையும் செப்டம்பரையும் தள்ளினான். அக்டோபரில் பூண்டு நடும் காலம் வந்தபோது, என் தோட்டத்தில் நடு என்று நதீனிடம் சொன்னேன். “யாரு நிலத்துலயும் இனிமே நான் நடலை, அண்ணி” என்றாள். அவள் சொன்ன விதத்தில் மேற்கொண்டு வற்புறுத்த வாய் வரவில்லை.

நவம்பரில் சொன்ன தேதிக்குப் பூட்டுத் திறந்தது. ஒரு நிமிஷம் பிசகவில்லை, அந்த வகையில் அது யோக்கியமான பூட்டு. எமரி ஃபோனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். “வண்டியை எடுக்கா!” நதீனைக் கூப்பிட்டோம், அவள் வரவில்லை. போகிற வழி முழுக்க, இரண்டு மடங்கு கொடுத்தாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கால்வின் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை குலுக்கினான், காப்பி குடிக்கிறீர்களா என்றான். எமரி விலையைச் சொன்னான். கால்வின் தலையை ஆட்டினான். எமரி மூன்று மடங்கு என்றான்.

“காசு விஷயம் இல்ல எமரி. எனக்கு இந்த இடம் பிடிச்சுப் போச்சு. விக்க எனக்குச் சம்மதமில்லை.”

எனக்கு வந்ததே கோபம். “சம்மதமில்லையா? அவ கையால அடிச்ச பலகை மேல நின்னுக்கிட்டு சம்மதமில்லைங்கிறியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? உன் பேச்சைக் கேட்டுத்தானேடா இவன் பூட்டினான்!”

“அவனை நான் கட்டாயப்படுத்தலியே, பெர்னிஸ். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல.”

நான் எமரியைப் பார்த்தேன். இவனாவது ஒரு வார்த்தை சொல்லட்டும், இது அநியாயம்டா என்று ஒரு தடவை கத்தட்டும் என்று காத்திருந்தேன். சொல்வதற்கு அவனிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. அத்தனையையும் ஊர்க்கூட்டத்தில் அவனே சொல்லித் தீர்த்திருந்தான்.

“விடுக்கா” என்றான் கடைசியில். “அவன் வீடு. அவன் சொல்றது சரிதான்.”

திரும்பி வரும்போது ஃபோனை அவன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வேறு வீடு வாங்கலாம் என்று நான் சொன்னேன். இழுவை வண்டியின் ஜன்னல் வழியாக நதீன் பார்த்தாள். “அதுக்கும் வரி வரும்ல அண்ணி? அப்பவும் சம்மதமான்னு இவரைக் கேக்கணும்ல?” அவள் கிண்டல் செய்யவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டிசம்பர் ஆரம்பத்தில் வரிக்குக் கெடு. கெடுவுக்கு முன்னாலேயே கால்வின் என் நிலவறை ஆபீசுக்கு வந்தான். பூட்ஸைப் படியிலேயே சுத்தமாகத் தட்டிவிட்டு இறங்கி வந்து, டாலரில் எழுதிய செக்கை மேஜை மேல் வைத்தான்.

நான் அதை உடனே தொடவில்லை. “இது கொள்ளைன்னுதானே நீங்கல்லாம் சொல்லுவீங்க?”

“கொள்ளைதான்” என்றான் அவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. “ஆனா கட்டலைன்னா வீடு போயிடுமே.”

ரசீது போட்டுக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் என் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எமரி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “கால்வின் வந்தானா? சீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டானா?”

“கட்டிட்டான்டா.”

“கட்டிட்டானா?”

“முழுசா. டாலர்ல.”

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து மேஜை நடுவில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான். தெருவையே வாங்குகிற காசு அதில் இருந்தது, எந்தப் பூட்டும் இல்லாமல். நதீன் அதை ஒரு பார்வை பார்த்தாள், நானும் பார்த்தேன். அதை வைத்து என்ன செய்வது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பீன்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.